நாற்பத்தொரு அட்டை, நாற்பது தலை

அத்தியாயம் ஆறு

"கண்ணாடி மேல கை வைக்காதீங்க."

அந்தக் கம்ப்யூட்டர் நிலையத்தில் கண்டக்டருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான். இரண்டாவது, "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" மூன்றாவதற்கு மேனேஜர் வாயைக்கூடத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை விரலால் காட்டினார். மணி இரண்டே முக்கால்.

"நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடுவேன். நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு, வராந்தா பெஞ்ச்ல உட்கார்ந்திருக்காரே இன்ஸ்பெக்டர், அவர் அந்தப் பொம்பளையைக் கூட்டிட்டுப் போவார். அதுக்குள்ள நீங்க என்ன கிழிக்கணுமோ கிழிச்சுக்கலாம்."

"கிழிக்கிறதுதான் சார் என் பழைய உத்தியோகமே," என்றான் கண்டக்டர்.

பொய்யில்லை. எட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். ஒருநாள் செக்கிங் ஆபீசரிடமே டிக்கெட் கேட்டு, கேட்டதோடு நிற்காமல் அவரை நடுவழியில் இறக்கியும் விட்டதில் வேலை போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது அண்ணியிடம் உதவியாள். அண்ணன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அண்ணி வீட்டின் முன்னறையில் துப்பறியும் நிலையம் போட்டுவிட்டாள். பத்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் கேட்ட காது அவளுடையது. ஆள் என்ன சொல்கிறார் என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. எந்த இடத்தில் வார்த்தையை முழுங்குகிறார் என்பதுதான் கணக்கு.

விஷயம் ஊரே பேசியதுதான். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவை முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் போட்டது. முன்னூறு இடம். பட்டியலில் பதினேழாவதாக வந்த பையன், தேர்வு நாளன்று கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தவன். பரீட்சை ஹாலை எட்டிக்கூடப் பார்க்காதவனுக்கு டாக்டர் சீட்! அவன் அப்பாவே பயந்துபோய் புகார் கொடுத்தார். தோண்டினால் இன்னும் முப்பத்தொன்பது பேர். மொத்தம் நாற்பது பேருக்கு யாரோ மார்க்கை வாரி விட்டிருந்தார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவருக்கு ஒருவர் உறவில்லை, ஊர் ஒன்றில்லை. யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கவுமில்லை.

"நாற்பது பேருக்குத் தர்மம் பண்ணிட்டு ஒரு டீ கூட வாங்கிக்காத திருடனை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றான் கண்டக்டர்.

"திருடனில்ல, திருடி," என்றார் மேனேஜர். மேஜைமேல் ஒரு நீளப் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டாயிரம் துளை அட்டைகள், செங்குத்தாக, நெருக்கியடித்துக்கொண்டு. "அவ எழுதின புரோகிராம். ஒரு அட்டைக்கு ஒரு கட்டளை. மேல் விளிம்பைப் பாருங்க. நீலக் கோடு சாய்வாப் போகுதா? பெட்டி கீழ விழுந்து அட்டை கலைஞ்சா, கோட்டை வெச்சுத் திரும்ப அடுக்கலாம். புரோகிராம் முடிஞ்சதும் எழுதினவங்களே போடுற கோடு. இப்ப நடுவுல பாருங்க. நான் சின்னத் தாள் வெச்சிருக்கேனே, அதுக்குள்ள இருக்கிற ஐம்பது அட்டைதான் அதிகப்படி. புரோகிராம்ல இருக்கக் கூடாத அட்டை. அதுமேலயும் கோடு அறுபடாமப் போகுது. அப்படின்னா அவ கோடு போடுறப்பவே அந்த ஐம்பதும் உள்ள இருந்திருக்கு. போதுமா? இல்ல இந்த அசெம்பிளி மொழியில எழுதத் தெரிஞ்சவ இந்தக் கட்டடத்துல அவ ஒருத்திதான்கிறதையும் சொல்லணுமா?"

அண்ணி கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தாள்.

மேஜையில் கிடந்த வெற்று அட்டை ஒன்றை எடுத்தான் கண்டக்டர். பெட்டிக்குள் ஒரு இடுக்கில் செருகினான். மேனேஜரின் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவை, பஸ் கூட்டத்தில் கை நுழைகிற லாகவத்தில் உருவி, விளிம்பில் ஒரே ஒரு பொட்டு. கோடு அறுபடாமல் போனது.

"ஐம்பத்தொண்ணு, சார்."

"என்ன பண்றே நீ! அது சாட்சிப் பொருள்!"

"இதுவும் அவங்க எழுதினதுதானே?" என்றாள் அண்ணி. "கோடு அறுபடலையே."

மேனேஜரின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. வெற்று அட்டையை உருவி எறிந்தார். பேனாவைப் பிடுங்கிப் பையில் குத்திக்கொண்டார். "ஐயா, அம்மா, யாரா இருந்தாலும் சரி. இந்த மொழியே போகணும்னு மூணு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். புது மொழி வந்தாச்சு, மனுஷன் படிக்கிற மாதிரி எழுதலாம்னா, அவ கேட்கலை. அவ எழுதினதை அவளைத் தவிர எவனும் படிக்க முடியாது. அந்தத் திமிர்தான் இப்ப ஜெயிலுக்குப் போகுது. நாலு மணி!"

கதவு அறையப்பட்டது.

"யார் பண்ணினதுன்னு கேட்டா, என் ஓட்டு மேனேஜருக்கு," என்றான் கண்டக்டர்.

"ஓட்டுப் பெட்டி இன்னும் திறக்கலை. வா."

*

எதிர் அறையின் மூலையில், சாம்பல் நிற ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள் அவள். நிலையத்தில் எல்லாரும் அவளை 'ஊசி' என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவளுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயது, கண்ணாடி, உதட்டோரத்தில் எப்போதும் தயாராக ஒரு குத்து.

"நான் உங்களைக் கூப்பிடலை. என் தம்பி கூப்பிட்டிருக்கான். அவனுக்கு மூளை கொஞ்சம் கம்மி."

"எங்களுக்கும் அப்படித்தான். ஒத்துப்போகும்," என்றான் கண்டக்டர். "ஆமா, அதென்ன அசெம்பிளி மொழி? சட்டசபையில பேசுவாங்களே, அதுவா?"

"அங்க பேசினா எதுவும் நடக்காது. இதுல பேசினா நடக்கும்." அவள் சிரிக்கவில்லை. "வீட்டு வேலையாள்கிட்ட 'தண்ணி கொண்டா'ன்னு சொன்னாப் போதும். இந்த மிஷின்கிட்ட அப்படிச் சொல்ல முடியாது. எழுந்திரு. பத்து அடி நட. கையை நீட்டு. டம்ளரைப் பிடி. பிடிச்சியா பாரு. பிடிக்கலைன்னா மறுபடி கையை நீட்டு. இப்படி ஒவ்வொண்ணாச் சொல்லணும். ஒரு படி விட்டுப்போச்சுன்னா டம்ளர் இல்லாம தண்ணியைக் கவிழ்த்துட்டு வந்து நிக்கும். அதுதான் அசெம்பிளி."

"எங்க டிப்போவில இப்படித்தான் அதிகாரி பேசுவார். நாங்களும் கவிழ்த்துட்டுத்தான் வருவோம்."

அண்ணி குறுக்கிட்டாள். "பெட்டியை எழுதி முடிச்சு யார்கிட்ட கொடுத்தீங்க?"

"ஜன்னல்ல. புரோகிராம் எழுதுறவங்க மிஷின் அறைக்குள்ள போகக் கூடாது, சட்டம். ஜன்னல்ல கொடுப்போம், அந்த ஆள் வாங்கி மிஷின்ல போடுவான், பதில் காகிதத்தை ஜன்னல்லயே நீட்டுவான்."

"எந்த ஆள்?"

"ஆபரேட்டர். அட்டை தள்ளி." அந்தப் பெயரை அவள் தினமும் சொல்லிப் பழகியது நாக்கிலேயே தெரிந்தது.

"அந்த ஐம்பது அட்டையை நீங்க படிச்சீங்களா?"

"காட்டினாத்தானே படிக்கிறதுக்கு? பெட்டிக்கு அரக்கு வெச்சாங்க, எனக்கு நாற்காலி போட்டாங்க. பன்னிரண்டு நாள் விசாரணை அவ்வளவுதான். என் மொழியில இருக்கு, அதனால நான் எழுதினதாம். நாளைக்கு எவனாவது தமிழ்ல மொட்டைக் கடுதாசி போட்டா ஊர்ல எல்லாரையும் பிடிப்பாங்களா?" அவள் குரல் ஒரு இடத்தில் மட்டும் இடறியது. "எனக்கு வேற வேலை தெரியாது. இதையும் பிடுங்கிட்டு ஜெயில்ல போட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒருத்தன் கேட்கலை. தெரியுமா?"

மணி மூன்று பத்து. மேனேஜருடன் ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டியதில் அண்ணி ஐம்பது அட்டைகளையும் அவளுக்குக் காட்ட அனுமதி வாங்கிவிட்டாள். நிபந்தனை: துளைகளைப் படித்து அச்சடிக்க அட்டைகள் மிஷினுக்குள் போக வேண்டும், ஆபரேட்டர்தான் போடுவார், வேறு யாரும் தொடக் கூடாது.

*

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அறை. பீரோ பீரோவாக மிஷின்கள். உறைய வைக்கிற குளிர். ஓயாத ஒரு ரீங்காரம். அதன் நடுவே, ஐம்பது வயது, நரைத்த மீசை, காது மறைகிற மஃப்ளர்: ஆபரேட்டர்.

"மிஷின் நேரம் வேற வேலைக்கு ஒதுக்கியாச்சு," என்றார் பார்க்காமலே.

"மேனேஜர் சொல்லியாச்சு," என்றாள் அண்ணி.

"அவருக்கென்ன, சொல்லுவார். ஓட்டுறவன் நான்தானே."

ஆனாலும் கையை நீட்டி வாங்கினார். அந்தக் கை செய்த வேலையைக் கண்டக்டர் கண் கொட்டாமல் பார்த்தான். ஐம்பது அட்டைகளையும் சீட்டுக்கட்டுப் போல விசிறினார். ஒரு ஊதல். நாலு பக்கமும் மேஜையில் தட்டல். மறுபடி ஒரு விசிறல். மிஷின் வாயில் வைத்தார். சரசரவென்று ஒன்றுகூடச் சிக்காமல் உள்ளே போனது.

"சீட்டாட்டக்காரன்," என்று முணுமுணுத்தாள் ஊசி.

அவர் காதில் விழுந்தது. திரும்பவில்லை. அவர் பக்கத்து மேஜையில் டீ டம்ளர் இருந்தது; தூசி விழாமல் நோட்டுத் தாள் ஒன்றால் மூடியிருந்தது. தாளில் சிவப்பு, நீலப் பென்சிலில் மனித இதயத்தின் குறுக்குவெட்டு. அழகான படம்.

மிஷின் முகப்பில் சின்னச் சின்ன விளக்குகள் கண் சிமிட்டின. "இது எதுக்கு சார், தீபாவளிக்கா?" என்று கேட்க வாயெடுத்த கண்டக்டர், அவர் முகத்தைப் பார்த்து, "இதெல்லாம் என்ன சொல்லுது?" என்று மாற்றிக்கொண்டான்.

"எங்க நிக்குது, எங்க சுத்துதுன்னு சொல்லும். இப்ப காலையில போட்ட வேலை மூணாவது சுற்றுல..." ஆபரேட்டர் சட்டென்று நிறுத்தினார். "எனக்கென்ன தெரியும்? நான் அட்டை தள்ளுறவன். அந்த மொழியில ஒரு எழுத்துக்கூடப் படிக்க வராது. இந்தாங்க காகிதம்."

ஜன்னல் மூடியது. அண்ணி ஒரு கணம் மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

ஊசி காகிதத்தைப் படித்தாள். கண்டக்டருக்கு அது கோழி கிளறினது போல இருந்ததால், கைக்கு வேலை வேண்டுமே என்று அட்டைகளை எண்ணினான். பழைய பழக்கம். ஒவ்வொரு நடை முடிவிலும் கிழித்த டிக்கெட்டையும் பஸ்ஸில் ஏறிய தலைகளையும் சரிபார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

"கட்டளை அட்டை ஒன்பது. மிச்சம் எல்லாம் பரீட்சை நம்பர், அட்டைக்கு ஒண்ணு. அண்ணி, அந்த நாற்பது பேர் பட்டியலைக் கொடுங்க." இரண்டு தடவை எண்ணினான். மூன்றாவது தடவை எச்சில் தொட்டு எண்ணினான். "டிக்கெட் நாற்பத்தொண்ணு. தலை நாற்பது. ஒரு டிக்கெட்டுக்கு ஆள் ஏறலை."

ஊசி நிமிர்ந்தாள். "என்ன சொன்னே?"

"நாற்பத்தொரு நம்பர் உள்ள போயிருக்கு. மார்க் கூடினது நாற்பது பேருக்குத்தான். இதோ, இந்த முதல் அட்டை. இந்த நம்பர் பட்டியல்ல இல்லை."

அவள் காகிதத்தின் மேல் குனிந்தாள். விரல் வரிவரியாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அந்த அறையில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"மட்டி! மட்டி! ஒவ்வொரு பரீட்சை நம்பரும் மிஷினுக்குள்ள ஒரு வீடு. மிஷினுக்கு முதல் வீடு ஒண்ணாவது கிடையாது, பூஜ்யமாவது. நாற்பத்தொரு வீடுன்னா பூஜ்யத்துல ஆரம்பிச்சு நாற்பதுல முடியும். இவன் கடைசி வீட்டிலேருந்து, அதாவது நாற்பதிலேருந்து, பின்னாடியே வர்றான். ஒவ்வொரு வீடாக் கதவைத் தட்டி, மார்க்கைக் கூட்டி, ஒண்ணு குறைச்சுக்கிட்டே வா, பூஜ்யம் ஆனதும் நின்னுடுன்னு எழுதியிருக்கான். அது பூஜ்யம் ஆனதும் நின்னுடுச்சு. பூஜ்யமாவது வீட்டுக் கதவைத் தட்டாமலே!"

"கடைசி ஸ்டாப் வந்ததும் கண்டக்டர் முதல்ல இறங்கிட்டார்," என்றான் கண்டக்டர். "இறங்க வேண்டிய ஆள் உள்ளயே தூங்குறார்."

"அதேதான். ஓட்டிப் பார்த்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். ஓட்டிப் பார்க்கலை. மத்த எட்டு அட்டையும் சுத்தம். யாரும் சொல்லிக்கொடுக்காம, அடுத்தவங்க எழுதினதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்ட கை."

அண்ணி முதல் அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "நாற்பது பேருக்குள்ள என்ன உறவுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. உறவே கிடையாது. அந்த நாற்பது பேர் வெறும் கூட்டம். ஒரு ஆளை ஒளிச்சு வைக்கக் கூட்டம் வேணுமில்ல? கண்ணை மூடிக்கிட்டு நாற்பது நம்பரை எடுத்திருக்கான். அதான் கால் உடைஞ்ச பையனும் வந்துட்டான். ஆனா எவனும் தனக்கு வேண்டிய நம்பரைத்தான் முதல்ல எழுதுவான்."

"அந்த முதல் நம்பருக்குத்தான் மார்க் ஏறலை!" கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஊருக்கெல்லாம் பந்தி வெச்சுட்டு வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போட்டுட்டானே பாவி!"

நம்பருக்கு உரிய விண்ணப்பத்தைக் கேட்டபோது மேனேஜர், "விண்ணப்பம் எல்லாம் தேர்வு அலுவலகத்துல. நாளைக்குக் காலையில வரும்," என்று சொல்லிவிட்டார். மணி மூன்று முப்பத்தெட்டு.

"நாளைக்குக் காலையில நான் லாக்கப்ல கம்பி எண்ணிட்டிருப்பேன்," என்றாள் ஊசி. "பூஜ்யத்துலேருந்து."

அண்ணி அவள் பக்கத்தில் குனிந்தாள். "உங்க மொழி எழுதுறவங்களுக்கு எதுல ரொம்பக் கோபம் வரும்?"

"தப்பில்லாத இடத்தைத் தப்புன்னு எவனாவது சொன்னா. கொலையே பண்ணுவோம்."

"நல்லது. எல்லாரையும் ஜன்னலுக்குக் கூப்பிடுறேன். எழுதினவனை வாய்க்கு வந்தபடி திட்டுங்க. அது உங்களுக்குக் கஷ்டமா இருக்காது. ஆனா தப்பை மட்டும் தப்பான இடத்துல சொல்லுங்க."

*

மூன்று ஐம்பதுக்கு ஜன்னலுக்கு முன்னால் மேனேஜர் கையில் உத்தரவுத் தாளோடு, இன்ஸ்பெக்டர் தொப்பியோடு. ஜன்னலுக்குப் பின்னால் ஆபரேட்டர், கையைக் கட்டிக்கொண்டு.

"சீக்கிரம்," என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்கு வேற ஊர் ஜோலி இருக்கு."

ஊசி காகிதத்தை விரித்தாள். "இதை நான் எழுதலை. எழுதியிருந்தா வெட்கத்துல செத்திருப்பேன். இவ்வளவு கேவலமான கட்டளை என் வாழ்க்கையில பார்த்ததில்லை."

"எவ்வளவு கேவலம்கிறது எங்களுக்கு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"எழுதினவனுக்கு எண்ணத் தெரியாது. சின்னக் குழந்தை விரல் விட்டு எண்ணுறதுகூட வராது. மிஷினோட எந்த ரிஜிஸ்டர்ல, எந்தப் பெட்டியில, என்ன கணக்கை வைக்கணும்னு புரியலை. காப்பி அடிச்சிருக்கான், அதையும் அரைகுறையா. குரங்கு கையில ஊசி நூல் கொடுத்த மாதிரி."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். கண்டக்டர் மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் எரிச்சலைத் தவிர ஒன்றுமில்லை. தன் ஓட்டு செல்லாத ஓட்டாகிவிட்டது என்று அப்போதே அவனுக்குப் பட்டது.

"சுற்றை முடிக்கத் தெரியலை. அதனால என்ன ஆச்சு? அடியில இருக்கிற கடைசி அட்டையைப் பார்க்காமலே நின்னுடுச்சு. கடைசி நம்பர் அம்போ! இந்த லட்சணத்துல இவனெல்லாம்..."

"கடைசி எப்படி விட்டுப்போகும்?"

குரல் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கடைசியிலேருந்துதானே ஆரம்பிக்குது! நாற்பதைப் போட்டுட்டுத்தானே சுற்றுக்குள்ள நுழையுது? கடைசியைத்தான் முதல்ல பார்க்கும். படிக்கத் தெரியாம..."

ஆபரேட்டர் நிறுத்தினார்.

"ஒரு எழுத்துக்கூடப் படிக்க வராதுன்னீங்களே," என்றாள் அண்ணி மெதுவாக.

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஊசி ஜன்னலுக்கு மிக அருகில் போயிருந்தாள்.

"சரி. கடைசியிலேருந்து ஆரம்பிக்குது. ஒத்துக்கிறேன். அப்புறம்? ஒவ்வொண்ணாக் குறையுது. எங்க நிக்குது?"

"மூணு... ரெண்டு..." அவர் உதடுகள் தாமாக அசைந்தன. "ஒண்ணு. ஒண்ணைப் பார்த்துட்டு, குறைச்சு..." ஆபரேட்டரின் கை மஃப்ளரைப் பற்றிக்கொண்டது. "பூஜ்யம்."

அந்த ஒரு சொல்லோடு அவர் முகம் இடிந்து விழுந்ததைக் கண்டக்டர் பார்த்தான். மாட்டிக்கொண்ட முகமில்லை அது. பன்னிரண்டு நாளாகப் புரியாமல் கிடந்த ஒன்று இப்போதுதான் புரிந்த முகம்.

"முதல் அட்டை," என்றார். "அவ அட்டையைத்தான் முதல்ல வெச்சேன். மிஷின் ஏமாத்திடுச்சுன்னு நினைச்சேன். மேனேஜர் கண்டுபிடிச்சு எடுத்துட்டார்னு நினைச்சேன். ரெண்டு மார்க்ல போச்சு என் பொண்ணுக்கு. நான் போட்ட சுற்றுதானா..."

டீ டம்ளர்மேல் கிடந்த இதயத்தின் படத்தை அப்போதுதான் கண்டக்டர் மறுபடி பார்த்தான். நாக்கு நுனியில் ஒரு கிண்டல் தயாராக நின்றது. முழுங்கிவிட்டான்.

மேனேஜர் கையிலிருந்த உத்தரவுத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாக மடித்தார். "எட்டு வருஷமா ஜன்னல்ல நின்னுட்டு... துரோகி!"

ஊசிக்கு அது போதவில்லை. "என் தலையில கட்டிட்டு நிம்மதியா டீ குடிச்சிட்டிருந்தீங்க. நான் ஜெயிலுக்குப் போறதைப் பார்த்துக்கிட்டு! இவ்வளவு படிச்ச ஆள், ஒரு தடவை என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானே கத்துக் கொடுத்திருப்பேனே!"

"கேட்டேன்," என்றார் ஆபரேட்டர். குரலில் முதல் தடவையாக விஷம். "ஆறு வருஷத்துக்கு முன்னால. இதே ஜன்னல்ல. 'அட்டை தள்ளுறவனுக்கு எதுக்கு இதெல்லாம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவளுக்கு ஞாபகம் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஜன்னலிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

*

இன்ஸ்பெக்டர் ஆபரேட்டரை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து வாக்குமூலம் எழுத ஆரம்பித்தார். மேனேஜருக்கு வேறு தலைவலி. மேலிடத்திலிருந்து டெலிபோன், சரியான பட்டியல் உடனே வேண்டும். மிஷினை ஓட்ட வேறு ஆள் இல்லை.

"நீயே போய்ப் போடு!" என்று ஊசியிடம் எரிந்து விழுந்தார்.

"உள்ள போகக் கூடாது, சட்டம்."

"சட்டத்தை நான் பார்த்துக்கிறேன், போய்த் தொலை!"

அவள் மிஷின் அறைக்குள் நுழைந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த ஐம்பது அட்டைகளும் ஜன்னலோரத்தில் கிடந்தன. பெட்டியில் மிச்சமிருந்த அட்டைகளின் விளிம்பில் நீலக் கோடு எங்கும் தாவாமல் ஒரே சாய்வாகப் போனது. முதல் கட்டை அள்ளி மிஷின் வாயில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். நாலு அட்டை போனது. ஐந்தாவது சிக்கியது. கரகரவென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி கரகர.

"என்ன ஆச்சு?" என்று கத்தினார் மேனேஜர்.

"தெரியலை!"

வராந்தாவிலிருந்து, வாக்குமூலத்தின் நடுவே, ஆபரேட்டரின் குரல் வந்தது. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "குளிர்ல ஒட்டிக்கும். விசிறிட்டுப் போடணும். ஊதிட்டு, நாலு பக்கமும் தட்டிட்டு. அப்புறம் இன்னொரு தடவை விசிறணும்."

ஊசி அட்டைகளை எடுத்து, பழக்கமில்லாத கையால், விசிறினாள். இரண்டு அட்டை தரையில் விழுந்தன. பொறுக்கினாள். ஊதினாள். தட்டினாள். மறுபடி விசிறினாள். சரசரவென்று உள்ளே போனது.

பத்து நிமிஷத்தில் அச்சு மிஷின் கடகடக்க ஆரம்பித்தது. முன்னூறு நம்பர். நாற்பது போலிகள் போனதால் அந்த இடத்துக்கு நாற்பது புதுத் தலைகள் வர வேண்டும். கண்டக்டர் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷம், டிக்கெட் சரிபார்ப்பது போல விரலை ஓட்டினான். விரல் ஓரிடத்தில் நின்றது. ஜன்னலோரத்தில் கிடந்த முதல் அட்டையை எடுத்துப் பார்த்தான். காகிதத்தைப் பார்த்தான்.

"அண்ணி."

அண்ணி எட்டிப் பார்த்தாள். அவள் முகமும் மாறியது. "ரெண்டு மார்க்ல போச்சுன்னாரே," என்றாள். "அந்த ரெண்டு மார்க்குக்கு மேல நின்னதே இவர் கூட்டம் சேர்த்த நாற்பது பேர்தான்."

ஊசி காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். ஆபரேட்டர் படிக்கட்டில் இரண்டு படி இறங்கியிருந்தார்.

"நில்லுங்க," என்றாள். குரலில் தேன் ஒன்றும் ஒழுகவில்லை. "உங்க பொண்ணு தானாவே பாஸ் பண்ணியிருக்கா. உங்க ஐம்பது அட்டைதான் அவளை வெளியில தள்ளிச்சு. இப்ப எடுத்தாச்சு. இருநூற்று எண்பத்தொண்ணு."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆபரேட்டர் தலையை நிமிர்த்தினார்.

"எண்ணிக்கை," என்றார், "பூஜ்யத்துலேருந்தா, ஒண்ணுலேருந்தா?"

ஊசி கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை சரிபார்த்தாள்.

"ஒண்ணுலேருந்து," என்றாள்.